செங்கோட்டை: கணவாய் வாசலில் ஒரு வேளாண் ஊர்

செங்கோட்டை தென்காசி மாவட்டத்தின் மேற்கு விளிம்பில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள நகராட்சி. தென்காசியிலிருந்து எட்டு கிலோமீட்டர் தொலைவு. குற்றாலம் அதைவிடக் கிட்டம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கே 26,823 பேர் வாழ்ந்தார்கள். ஊரைச் சுற்றி நெல் வயல், தென்னந்தோப்பு, மாந்தோப்பு, குளங்கள். மேற்கே புளியரையைத் தாண்டினால் மலைப்பாதை, அதன் உச்சியில் கோட்டைவாசல், அப்பால் கேரளத்தின் ஆரியங்காவு. 1956 வரை இந்த ஊர் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது.

வாஞ்சிநாதன் பிறந்த ஊர் என்பதோடு செங்கோட்டை வரலாற்றை முடித்துவிடுவது பலருக்கும் வழக்கம். அந்தப் பெருமை ஊருக்கு உரியதுதான். ஆனால் இங்கே நடந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் தேடிப் போனால், ஊருக்கு மேற்கே மலையில் விழுந்திருக்கும் இடைவெளியில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. மழை வந்தது அதன் வழியே. படையும் ரயிலும் யானையும் ஐயப்ப பக்தர்களும் வந்துபோனதும் அதன் வழியேதான்.

கணவாய்

நிலவியல், உயிரியல் நூல்களில் செங்கோட்டைக் கணவாய் என்றும், வழக்கில் ஆரியங்காவுக் கணவாய் என்றும் இதைச் சொல்வார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக்கு அடுத்தபடியாகப் பேசப்படும் இடைவெளி இது. பாலக்காட்டுக் கணவாய் அகன்றது, தாழ்ந்தது. செங்கோட்டையினுடையது குறுகலானது, மேடானது. இதற்குத் தெற்கே அகத்தியமலைத் தொடர், வடக்கே பெரியாறு, ஏலமலைப் பகுதிகள்.

தென்மேற்குப் பருவக்காற்று ஜூனில் வலுக்கும்போது கேரளத்தில் கொட்டிய மேகங்களின் மிச்சம் இந்த இடைவெளி வழியே கிழக்கே கசிகிறது. குற்றாலத்துச் சாரல் என்று ஊர்கள் தோறும் பேசப்படுவது அதுதான். அதே நாள்களில் கிழக்கே ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவில் உள்ள ஊர்கள் வறண்ட காற்றில் வெந்துகொண்டிருக்கும். காற்றின் வேகம் மட்டும் கிழக்கே நெடுந்தூரம் போகிறது. சுரண்டை, ஆலங்குளம், கயத்தாறு பகுதிகளில் காற்றாலைகள் நிற்பது இந்தக் கணவாய்க் காற்றை நம்பித்தான்.

பறவைகளுக்கும் இந்தப் பள்ளம் ஓர் எல்லை. மலையுச்சிச் சோலைகளில் வாழும் சிறு பறவைகள் தாழ்வான வெப்ப நிலத்தைக் கடப்பதில்லை. அதனால் கணவாயின் இருபுறமும் வாழ்ந்த கூட்டங்கள் நெடுங்காலம் பிரிந்திருந்து, மரபணுவிலும் குரலிலும் தோற்றத்திலும் வேறாகிவிட்டன. தெற்கே அகத்தியமலைப் பகுதியில் மட்டும் வாழும் சோலைக்கிளி இனம் ஒன்றை ஆய்வாளர்கள் 2017இல் தனி இனமாக விவரித்து, அகத்தியமலைத் தொடரின் பழைய பெயர்களில் ஒன்றான அசம்பு மலையின் பெயரைச் சூட்டினார்கள். மனிதருக்கு வாசலாக இருக்கும் இடம் ஒரு சோலைப் பறவைக்குச் சுவர்.

பழைய ஆட்சிகள்

மதுரையை இழந்த பாண்டியர் தென்காசியைத் தலைமையிடமாகக் கொண்டு ஆண்ட காலத்தில் இந்த அடிவாரம் அவர்களுடைய மேற்கு எல்லை. பராக்கிரம பாண்டியன் 1446இல் தென்காசியில் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டத் தொடங்கினான். பின்னாளில் இந்தக் கோயிலைக் காப்பவர்களின் காலில் விழுவதாக அவன் கல்வெட்டில் பொறித்துவைத்தது இன்றும் படிப்பவர் மனத்தைத் தொடுவது. செங்கோட்டைக் குலசேகரநாதர் கோயிலின் பெயரிலும் பாண்டியர், சேரர் இருவருக்கும் பொதுவான ஓர் அரசப் பெயர் ஒலிக்கிறது.

மலைக்கு மேற்கே கொட்டாரக்கரையைத் தலைமையாகக் கொண்ட இளையிடத்து ஸ்வரூபம் என்ற சிற்றரசு இருந்தது. அதன் கை கணவாயைத் தாண்டிக் கிழக்கே செங்கோட்டை வரை நீண்டிருந்தது. மார்த்தாண்ட வர்மா 1740களின் தொடக்கத்தில் அந்த அரசைத் திருவிதாங்கூரோடு இணைத்தபோது செங்கோட்டையும் திருவிதாங்கூர் ஆனது. மலைக்குக் கிழக்கே ஒரு பிடி நன்செய், அதைக் காவல் காக்கும் ஒரு கணவாய் என்று இரண்டும் ஒரே கையில் சேர்ந்தன. அரிசிக்கு எப்போதும் வெளிநாட்டை எதிர்பார்த்த ஓர் அரசுக்கு அது சிறிய ஆதாயம் அல்ல. தெற்கே நாஞ்சில் நாடு செய்த வேலையைச் சிறிய அளவில் வடக்கே செங்கோட்டை செய்தது.

கணவாய் படைகளுக்கும் பயன்பட்டது. பாளையக்காரர்களை ஒடுக்க வந்த யூசுப்கான் என்ற மருதநாயகம் 1759இல் திருவிதாங்கூரோடு உடன்பாடு செய்துகொண்டபோது, அந்நாட்டுப் படை இந்தக் கணவாய் வழியே இறங்கி வந்து வடகரைப் பாளையத்தின் மேலான தாக்குதலில் அவரோடு சேர்ந்துகொண்டது.

திருவிதாங்கூரின் கிழக்கு வாசல்

இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் செங்கோட்டை மக்கள் தமிழ் பேசினார்கள். அவர்களை ஆண்ட அரசு திருவனந்தபுரத்தில் இருந்தது. கொல்லம் மாவட்டத்தின் ஒரு தாலுகா இது. கடிதங்கள் திருவிதாங்கூரின் சொந்த அஞ்சல் சேவையில் போயின. கைமாறிய காசு சக்கரம். ஊரின் நுழைவில் துவாரபாலகர் சிலைகளோடு நிற்கும் பழைய வளைவில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரையை இன்றும் பார்க்கலாம்.

தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவே உள்ள பிரானூரில் இரு ஆட்சிகளின் எல்லை இருந்தது. எல்லை மேற்கே மலைமேல் போய் எழுபது ஆண்டுகள் ஆகப்போகின்றன. இன்றும் அந்த இடம் ‘பிரானூர் பார்டர்’தான். பேருந்து நடத்துநர்கள் ‘பார்டர்’ என்றே குரல் கொடுக்கிறார்கள். குற்றாலத்தில் குளித்துவிட்டுப் பசியோடு வருபவர்கள் தேடிப்போகும் புரோட்டாக் கடைகளும், மலை மரத்தை நம்பிப் பிழைத்த மர அறுவை மில்களும் அங்கேதான் வரிசையாக நிற்கின்றன. இரு அரசுகளின் எல்லையில் வணிகம் குவிவது இயல்பு. எல்லை போன பிறகும் வணிகம் போகவில்லை.

அன்றைய ஆட்சி வேறுபாடு அன்றாட வாழ்விலும் உறைத்தது. 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் மகாராஜா வெளியிட்ட ஆலயப் பிரவேசப் பிரகடனம் செங்கோட்டைத் தாலுகாவின் அரசுக் கோயில்களுக்கும் பொருந்தியது. எல்லைக்கு இந்தப் பக்கம், சென்னை மாகாணத்தில், கோயில் நுழைவைக் காக்கும் சட்டம் 1939இல்தான் வந்தது. சில மைல் இடைவெளியில் இருந்த இரு ஊர்களில் ஒரே சாதியைச் சேர்ந்த இருவருக்கு மூன்று ஆண்டுகள் இரண்டு விதமான உரிமை.

குற்றாலம் திருவிதாங்கூரில் இல்லை. ஆனால் அரச குடும்பத்துக்கு அங்கே ஓர் அரண்மனை இருந்தது. அது இன்றும் கேரள அரசின் உடைமை. கிழக்கிந்தியக் கம்பெனி 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜாதிக்காய், கிராம்பு மரங்களைக் கொண்டுவந்து குற்றாலத்து மலைச்சரிவில் நட்டுப் பார்த்தது. டச்சுக்காரர்களின் தீவுகளை நம்பாமல் வாசனைப் பொருள் விளைவிக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. சீசனில் குற்றாலத்துக் கடைகளில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவியும்போது, அந்த ஈரத்தில் கம்பெனிக்காரர்கள் என்ன கண்டார்கள் என்பது புரியும்.

மூன்று பேர்

இவ்வளவு சிறிய ஊரிலிருந்து வந்த மூவர் தமிழகம் முழுதும் அறியப்பட்டவர்கள்.

ஆவுடையக்காள் காலத்தால் முந்தியவர். பதினெட்டாம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்தவராகக் கருதப்படுகிறார். இளம் வயதிலேயே கைம்பெண் ஆனவர். திருவிசநல்லூர் ஸ்ரீதர வேங்கடேச அய்யாவாளை குருவாகக் கொண்டு அத்வைதத்தைப் பேச்சுத் தமிழில் பாடினார். தீட்டு, மடி, சாதி ஆகியவற்றை அவர் கேள்வி கேட்ட விதம் இன்று படித்தாலும் கூர்மையானது. அவருடைய பாடல்களை ஏட்டில் காத்தவர்களைவிட, வீட்டுக்குள் பாடிப் பாடி மனனமாகக் காத்த பெண்களே அதிகம். குற்றாலத்தில் நீராடி மலைமேல் ஏறிப் போனவர் திரும்பவில்லை என்பது அவரைப் பற்றிய மரபுக்கதை. ஊர் அவருக்குத் தந்ததோ கட்டுப்பாடு. மலை அவருக்கு வேறொன்றாக இருந்திருக்க வேண்டும். மூவரில் அதிகம் பேசப்பட வேண்டியவரும், குறைவாகப் பேசப்படுபவரும் இவரே.

வாஞ்சிநாதன் 1886இல் பிறந்தவர்; இயற்பெயர் சங்கரன். கணவாய்க்கு அப்பால் புனலூரில் திருவிதாங்கூர் வனத்துறையில் வேலை பார்த்தார். அவர் சேர்ந்திருந்த, நீலகண்ட பிரம்மச்சாரியின் பாரத மாதா சங்கம் என்ற ரகசிய இயக்கம் தென்காசி, செங்கோட்டை, புனலூர் என்று இந்த வழியை ஒட்டியே ஆள் சேர்த்தது. பிரிட்டிஷ் போலீஸ் நேரடியாகக் கைவைக்க முடியாத சமஸ்தான எல்லைக்குள் இருந்தது இவர்களுக்கு வசதியாக இருந்திருக்கும் என்று கருத இடமுண்டு. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ராபர்ட் வில்லியம் ஆஷைச் சுட்டுக் கொன்றுவிட்டு, வாஞ்சிநாதன் தன்னையும் சுட்டுக்கொண்டார். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனியை நசுக்கியவர் ஆஷ் என்ற கோபம் அதன் பின்னணி. வாஞ்சிநாதனின் சட்டைப் பையில் இருந்த கடிதத்தில் தேசப்பற்றோடு சனாதன தர்மம் பற்றிய கவலையும் இருந்ததால், அவரை எப்படி மதிப்பிடுவது என்ற விவாதம் இன்றும் நடக்கிறது. கொலை வழக்கு தொடங்கிய பிறகு, அதே சங்கத்தைச் சேர்ந்த செங்கோட்டை தருமராஜ ஐயர் நஞ்சுண்டும், புனலூர் வேங்கடேசுவர ஐயர் கழுத்தை அறுத்துக்கொண்டும் இறந்தார்கள். அந்த நிலையம் இன்று வாஞ்சி மணியாச்சி.

எஸ்.ஜி. கிட்டப்பா 1906இல் பிறந்து 1933இல் மறைந்தார். ஒலிபெருக்கி இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசை வரை எட்டிய குரல் அவருடையது. கே.பி. சுந்தராம்பாளும் அவரும் இணைந்து நடித்த நாடகங்களுக்கு இலங்கையிலும் கூட்டம் திரண்டது. முப்பது வயதைக்கூட எட்டாமல் போனவரின் இசைத்தட்டுகளை இன்றும் தேடிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

ரயில்

கொல்லம் துறைமுகத்தையும் திருநெல்வேலியையும் இணைக்கும் ரயில் பாதை திருவிதாங்கூரின் முதல் ரயில் பாதை. மூலம் திருநாள் மகாராஜா காலத்தில், சமஸ்தானமும் சென்னை மாகாண அரசும் தென்னிந்திய ரயில்வே கம்பெனியும் சேர்ந்து இதை அமைத்தன. 1904இல் புனலூர்–செங்கோட்டைப் பகுதி திறக்கப்பட்டதும் கொல்லத்திலிருந்து செங்கோட்டை வரை மீட்டர்கேஜ் வண்டி ஓடியது.

புனலூருக்கும் செங்கோட்டைக்கும் இடையே சுமார் 50 கிலோமீட்டர்தான். ஆனால் அந்தத் தூரத்துக்குள் ஐந்து குகைப்பாதைகள், பல பாலங்கள், செங்குத்தான ஏற்றங்கள். பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் இடையே உள்ள நீண்ட குகை கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். கழுதுருட்டி அருகே கருங்கல்லில் கட்டிய பதின்மூன்று கண் பாலத்தின் மேல் வண்டி வரும்போது கீழே நெடுஞ்சாலையில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். ஏற்றத்தில் முன்னால் இழுக்க ஓர் இன்ஜினும் பின்னால் தள்ள இன்னொன்றும் வேண்டியிருந்தது. அந்த இன்ஜின்களுக்குத் தண்ணீர் பிடிக்கவும் ஆள் மாறவும் செங்கோட்டை இடமானது. வயல் வேலையை மட்டும் அறிந்த ஊரில் மாதச் சம்பளம் வாங்கும் ரயில்வேக் குடும்பங்கள் குடியேறின.

தேயிலையும் மிளகும் மரமும் கிழக்கே வந்தன. அரிசியும் காய்கறியும் மேற்கே போயின. சென்னையிலிருந்து கொல்லம் மெயில் இந்த வழியாகவே ஓடியது. மழைக்காலத்தில் அந்த வண்டியின் சன்னலோரத்தில் உட்கார்ந்து மலையேறியவர்கள் அதை வாழ்நாள் முழுதும் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

2010இல் அகலப்பாதைப் பணிக்காக மலைப்பாதை மூடப்பட்டது. குகைகளை அகலப்படுத்தி, பழைய பாலங்களை வலுப்படுத்தி, முழுப் பாதையும் மறுபடி திறக்க 2018 ஆனது. எட்டு ஆண்டுகள் மலையைத் தாண்டும் ரயில் இல்லாமல் கிடந்தது ஊரின் வணிகத்துக்குப் பெரிய அடி. இன்று சென்னைக்குப் பொதிகை, சிலம்பு விரைவு வண்டிகள் செங்கோட்டையிலிருந்து புறப்படுகின்றன.

1956

இந்திய விடுதலைக்குப் பிறகு திருவிதாங்கூர்த் தமிழர்கள் தாய்த் தமிழகத்தோடு சேரப் போராடினார்கள். தெற்கே மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் முன்னின்றது; செங்கோட்டையில் கே. சட்டநாத கரையாளர் அந்தக் குரலாக இருந்தார். 1954 ஆகஸ்ட் 11 அன்று தெற்கே நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழியே திருத்தி அமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டை திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்தது. ஆனால் தாலுகா முழுதாக வரவில்லை. கிழக்கே வயல்கள் தமிழகத்துக்கு. மேற்கே ஆரியங்காவு சார்ந்த மலைக்காடு கேரளத்துக்கு.

போராட்ட வரலாறுகளில் இது ஒரே வரியில் கடந்துபோகும். எனினும் ஊரின் பிற்காலத்தைத் தீர்மானித்தது இதுவே. அதுவரை காடும் வயலும் ஒரே தாசில்தாரின் கீழ் இருந்தன. விறகு வெட்டுவது, மாடு மேய்ப்பது, மலைமேல் கோயிலுக்குப் போவது எல்லாம் உள்ளூர் விவகாரங்கள். அதன் பிறகு இரண்டு அரசுகள், இரண்டு வனத்துறைகள், நடுவே ஒரு சோதனைச் சாவடி.

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. அதன் எட்டு வட்டங்களில் செங்கோட்டையும் ஒன்று.

நீரும் வயலும்

செங்கோட்டை வட்டாரத்து வேளாண்மை மலையிலிருந்து இறங்கும் சிற்றாறுகளை நம்பியது. அரிகர நதி, குண்டாறு, அனுமன் நதி ஆகியவை குளங்களை நிரப்பிவிட்டுச் சிற்றாற்றில் சேர்கின்றன. சிற்றாறு சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. கண்ணுப்புளிமெட்டில் உள்ள குண்டாறு அணையின் உயரம் 36 அடி. மாவட்டத்தில் முதலில் நிரம்பி வழிவது பெரும்பாலும் அதுதான். ‘குண்டாறு பெருகியாச்சு’ என்ற செய்தி வந்தால் கார் நெல்லுக்குத் தண்ணீர் உண்டு என்று பொருள். மேக்கரையில் அனுமன் நதியின் குறுக்கே உள்ள அடவிநயினார் அணை 132 அடி.

தென்மேற்கு மழையில் கார், வடகிழக்கு மழையில் பிசானம் என்று இரண்டு போகம் நெல். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு ஒரே பருவமழை கைகொடுக்கும்போது, இங்கே கணவாயின் தயவால் இரண்டு. நெல்லோடு தென்னையும் மாவும் வாழையும். வைக்கோல், காய்கறி, வாழையிலை ஏற்றிய லாரிகள் புளியரை ஏற்றத்தில் மேற்கே போய்க்கொண்டே இருக்கும். ஓணத்துக்கு முந்தைய வாரங்களில் பூ லாரிகளும் சேர்ந்துகொள்ளும். மலையாளிகளின் சந்தை இல்லாவிட்டால் இந்த வட்டாரத்து விவசாயிக்கு விலையே இல்லை என்று சொல்லலாம். ஆட்சி பிரிந்தும் பழைய சந்தை உறவு பிரியவில்லை.

காட்டு வாசல்

ஊரிலிருந்து காட்டுக்குள் போக இரண்டு பெரிய வழிகள். ஒன்று, புளியரையின் எஸ் வளைவில் ஏறி, கோட்டைவாசல் கருப்பசாமி முன் நின்று கும்பிட்டுவிட்டு, ஆரியங்காவு, பாலருவி, தென்மலை வழியே புனலூர் போகும் தேசிய நெடுஞ்சாலை 744. இன்னொன்று, பண்பொழித் திருமலைக்கோயிலைக் கடந்து மேக்கரை வழியே அச்சன்கோவில் போகும் காட்டுச் சாலை. கார்த்திகை, மார்கழியில் இரண்டிலும் சபரிமலைக்குப் போகிறவர்களின் வண்டிகள் நிறைந்திருக்கும்.

பக்தி எல்லையைப் பொருட்படுத்துவதில்லை. ஆரியங்காவு சாஸ்தாவின் திருக்கல்யாணத்தில் பெண் வீட்டார் மதுரைச் சௌராஷ்டிரர்கள். அச்சன்கோவில் சாஸ்தாவின் ஆபரணப் பெட்டி மார்கழித் திருவிழாவுக்காகப் புனலூர்க் கருவூலத்திலிருந்து புறப்பட்டு, தமிழகத்துக்குள் இறங்கி, செங்கோட்டையிலும் தென்காசியிலும் வரவேற்பு பெற்று, மறுபடி மலையேறிப் போகிறது. கேரளத்துக் கோயிலின் நகை தமிழ்நாட்டைச் சுற்றிக்கொண்டு போவது பழைய தாலுகாவின் வழித்தடத்தில்தான்.

காடுகளுக்குச் சட்டப் பாதுகாப்பு படிப்படியாக வந்தது. கேரளப் பக்கம் செந்துருணி சரணாலயம் 1984இல். தமிழகப் பக்கம் 356.73 சதுர கிலோமீட்டர் பரப்பில் நெல்லை வனவிலங்கு சரணாலயம் 2015இல். அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2016இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 2022 ஆகஸ்டில் 1,197.48 சதுர கிலோமீட்டரில் அகத்தியமலை யானைகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. வடக்கே திருவில்லிபுத்தூர், பெரியாறு காடுகளில் யானைகள் ஏராளம். அகத்தியமலைக்கும் இவற்றுக்கும் நடுவே கணவாய். அதன் அடியில் நெடுஞ்சாலை, ரயில் பாதை, ரப்பர்த் தோட்டம், குடியிருப்பு. தெற்கு யானைகளும் வடக்கு யானைகளும் கலக்க வேண்டுமானால் இந்த நெரிசலைக் கடந்தாக வேண்டும். அது ஆண்டுக்கு ஆண்டு கடினமாகிறது.

வடகரை, மேக்கரை, பண்பொழித் தோப்புகளில் யானைகள் இறங்கித் தென்னையைச் சாய்ப்பதும், வாழையையும் நெல்லையும் அழிப்பதும் அடிக்கடி நடக்கிறது. காய்க்க ஏழெட்டு ஆண்டு காத்திருந்து வளர்த்த தென்னை ஒரே இரவில் போனால், இழப்பீடு அந்த ஆண்டுகளைத் திருப்பித் தருவதில்லை. விவசாயிகள் அகழியும் சோலார் வேலியும் கேட்கிறார்கள். கேட்பது நியாயம். ஆனால் ஒரு தோப்புக்கு வேலி போட்டால் யானை அடுத்த தோப்புக்குப் போகும். ஒரே கூட்டம் இன்று கேரளத்திலும் நாளை தமிழகத்திலும் நிற்கும்போது, இரு வனத்துறைகளும் தனித்தனியே செய்யும் கணக்கெடுப்பும் விரட்டலும் பாதி வேலைதான். கணவாயை ஒரே நிலமாகக் கண்டு இரு மாநிலங்களும் சேர்ந்து திட்டமிடுவது விவசாயிக்கும் தேவை, யானைக்கும் தேவை.

இதற்கிடையே சுற்றுலா பெருகுகிறது. குற்றாலத்தில் கூட்டம் தாளாதவர்கள் குண்டாறு அணைக்கும், மேக்கரைப் பக்கத்துத் தனியார் அருவிகளுக்கும், எல்லை தாண்டிப் பாலருவி, கும்பாவுருட்டிக்கும் போகிறார்கள். மலையில் பெய்யும் மழை கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. அருவிகளின் மேல்பகுதியில் மழையளவைக் கண்டு கீழே உடனே எச்சரிக்கும் ஏற்பாடு வேண்டும் என்ற கோரிக்கை அதன் பிறகு வலுத்தது.